மக்கள் இணையம், மகள் இணையம்

வீட்டு ஒதுக்கீட்டுத் துறையின் சுற்றறிக்கை தெளிவாகத்தான் இருந்தது. வீடு ஒதுக்கப்பட்டவர்கள் துறையின் இணையதளத்துக்குப் போய் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். ஆனால் அதை வீட்டிலிருந்து அமுக்கக் கூடாது. அலுவலகத்துக்கு நேரில் வந்து, அலுவலகத்தின் வைஃபையில் இணைந்து, அங்கேயே நின்று அமுக்க வேண்டும். காரணமும் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தபடி அமுக்குகிறவருக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு இன்னொன்று எதற்கு?

இதை மூன்று தடவை படித்து, இரண்டு சந்திப் பிழைகளைப் பென்சிலால் திருத்திவிட்டு, அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒற்று கிளம்பினார். ஒற்று என்பது அச்சகத்தில் வைத்த பெயர். பதினெட்டு வருடங்களாக அவர் அங்கே பிழை திருத்துகிறார். க், ச், த், ப் வர வேண்டிய இடத்தில் வராத எந்தத் தாளும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

வீடு அவருக்கென்று கேட்டதல்ல, தங்கைக்காகக் கேட்டது. அவள் சக்கர நாற்காலியில் இருப்பவள். இருவரும் இருந்தது நான்காவது மாடி. மின்தூக்கி தனக்குத் தோன்றிய நாளில் வேலை செய்யும், தோன்றிய மாடியில் நிற்கும். பல்வலிக்காகப் பதினொரு மாதங்களுக்கு முன் இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியதுதான் அவள் கடைசியாகத் தெருவைப் பார்த்தது. தரைத்தள வீடு கேட்டு ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இப்போது கிடைத்துவிட்டது. ஏற்பதற்குக் கொடுத்த அவகாசம் பதினான்கு நாள். கடிதம் வந்து சேரப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்காவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும்.

காத்திருப்போர் கூடத்தில் இரும்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஒற்று தன் கைபேசியில் வைஃபையைத் தேடினார். இரண்டு பெயர்கள் வந்தன.

மக்கள் இணையம்.

மகள் இணையம்.

இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்தார். முதலாவதில் எழுத்தெல்லாம் சரி, ஆனால் பக்கத்தில் பூட்டுக் குறி இல்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம். இரண்டாவதில் பூட்டு இருந்தது, ஆனால் ‘க்’ இல்லை. உடனே தங்கையைக் கூப்பிட்டார். அவள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறாள். யாரையும் லேசில் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே கம்பெனி அவளுக்கு வருடாவருடம் பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பயிற்சி அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

“எதையும் தொடாதே,” என்றாள். “முதல்ல அங்க இருக்கிறவங்களைக் கேளு, நம்மது எதுன்னு. பேர் சரியா இருக்குங்கிறதுக்காக நம்பிடாதே அண்ணா. எவன் வேணும்னாலும் அந்தப் பேரை வச்சுக்கலாம்.”

“அப்போ பூட்டு இருக்கிறதுதான் நம்மதா?”

“பூட்டு இருந்தா மட்டும் போதுமா? யாரோட பூட்டுன்னு தெரிய வேண்டாமா? நேத்து உன் போன்ல வி.பி.என். போட்டுக் குடுத்தேனே, இருக்கா?”

“இருக்கு. அது என்ன செய்யும்னு இன்னொரு தடவை சொல்லு.”

“ப்ரூஃப் தாளைப் பஸ்ல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டா போவே? உறையில போட்டு ஒட்டித்தானே எடுத்துட்டுப் போவே? அதுதான். நடுவுல எவனாவது எட்டிப் பார்த்தாலும் உறைதான் தெரியும், உள்ளே இருக்கிறது தெரியாது. ஆனா உறையை நீயே பிரிச்சுத் திருடன் கையில குடுத்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால யாராவது ஒரு பக்கத்தைக் காட்டி கடவுச்சொல் கேட்டா, முகவரியை எழுத்தெழுத்தாப் படி. உன் தொழில்தானே அது?”

விசாரணை மேசையில் இருந்தவர் ரப்பர் முத்திரையின் அடியை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ரெண்டு வைஃபை காட்டுதே. நம்ம ஆபீஸோடது எது?”

“எது வேகமா வருதோ அது,” என்றார் அவர், நிமிராமல்.

“எது வேகமா வருது?”

“அதை உதவிக்காரர்கிட்ட கேளுங்க.”

உதவிக்காரர் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த நீலச்சட்டை. கழுத்தில் அடையாள அட்டைக்கான பட்டை மட்டும் தொங்கியது, அட்டை இல்லை. காலடியில் கறுப்புப் பை. பையிலிருந்து ஒரு கம்பி சுவரில் இருந்த மின்சாரத் துளைக்கும், இன்னொரு கம்பி அதன் அருகிலிருந்த அலுவலக இணைப்புத் துளைக்கும் போயிருந்தன. அந்தக் கட்டடத்தில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் அவர்தான். முதலில் ஒற்றுவுக்குச் சந்தேகம் வந்ததே அந்தச் சிரிப்பால்தான்.

அப்போது அவர் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு உதவிக்கொண்டிருந்தார். “மக்கள் இணையத்தை அமுக்குங்க. இப்போ ஒரு பக்கம் வருதா? விண்ணப்ப எண், கடவுச்சொல், அம்மா பேரு, அப்புறம் போனுக்கு ஆறு எண் வந்திருக்கும் பாருங்க, அதையும் போடுங்க. அவ்வளவுதான். முடிஞ்சது.”

“ரெண்டே நிமிஷம்!” என்றார் ஓட்டுநர். கண் கலங்கியிருந்தது.

வரிசையில் அடுத்து ஒற்றுதான். அவர் நகர்ந்து கூடத்தின் மறுகோடிக்குப் போனார். மக்கள் இணையத்தின் பக்கத்தில் இருந்த வில் கோடுகள் குறைந்தன. திரும்பி வந்தார், கூடின. உதவிக்காரரின் பைக்கு நேராகக் குனிந்தார், நிரம்பின.

“ஏதாவது கீழே விழுந்துடுச்சா சார்?” என்றார் உதவிக்காரர், சிரித்துக்கொண்டே.

“இல்லை,” என்று ஒற்று நேரே இணைப்புப் பாதுகாப்பு அலுவலரின் அறைக்குப் போனார்.

அலுவலர் கண்ணாடி போட்ட அம்மையார். பின்சுவரில் ‘சந்தேகம் வந்தால் உடனே சொல்லுங்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஒற்று சந்தேகத்தைச் சொன்னார். அம்மையார் கதவைச் சாத்தினார்.

“வைஃபையோட பேரை எதுக்குப் படிச்சீங்க?”

“கண்ணுல பட்டுது மேடம்.”

“மாசம் இருநூறு பேர் வர்றாங்க. எல்லாரும் அமுக்கிட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க.” அவர் ஒரு படிவத்தை எடுத்தார். “திருடனோட வைஃபைன்னு சொல்றீங்க. திருடனைத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாத ஒருத்தரைத் திருடன்னு சொல்றீங்க.” எழுதிக்கொண்டார். “வேற பேர்ல உங்களைக் கூப்பிடுவாங்களா?”

ஒற்று பொய் சொல்லிப் பழகாதவர். “ஒற்றுன்னு கூப்பிடுவாங்க.”

பேனா நின்றது. “ஒற்றா, ஒற்றனா?”

“ஒற்று மேடம். க், ச், த், ப்.”

“என்ன சங்கேதம் அது?”

விளக்கிச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மையார் அவர் கையிலிருந்த கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டார். “இது என்ன, வி.பி.என்.? எதை மறைக்கிறீங்க?”

“கடவுச்சொல்லைத்தான்.”

“யார்கிட்டேருந்து?”

“எல்லார்கிட்டேருந்தும்.”

“எல்லார்னா நாங்களும்தானே?” அவர் குரல் லேசாக உடைந்தது, புண்பட்டவர் குரல். “மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்காருவாங்க,” என்றார், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து.

விஷயம் இயக்குநரிடம் போனது. அவர் அன்று பிற்பகல் மூன்று மணி விழாவுக்கான உரையை எழுதிக்கொண்டிருந்தார். ‘பாதுகாப்பான இணைப்பு வாரம்’ அன்றுதான் தொடங்குகிறது. ஏழு அதிகாரிகளைக் கூப்பிட்டு, ஒற்றுவை ஓரமாக நிற்க வைத்து, அவசரக் கூட்டம் போட்டார். நமது வைஃபை எது என்பதுதான் பொருள்.

வைஃபையை வைத்தவரைக் கேட்கலாம் என்றார் ஒருவர். அவர் வேறு துறைக்கு மாறி ஐந்து வருடங்கள் ஆகிவிட்டன. பெட்டியைப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். பெட்டி பின்பக்க நடையில் உள்ள அலமாரியில் இருக்கிறது, சாவி பண்டகப் பிரிவில் இருக்கிறது, பண்டகப் பிரிவு எங்கே இருக்கிறது என்பது விசாரணையில் இருக்கிறது. கடைசியில் அவரவர் கைபேசியை மேசைமேல் வைக்கச் சொன்னார் இயக்குநர். எட்டும் மக்கள் இணையத்தில் இருந்தன.

“மகள் இணையத்தோட கடவுச்சொல் யாருக்காவது தெரியுமா?”

ஒருவருக்கும் தெரியவில்லை.

“அப்போ தெளிவாயிடுச்சு,” என்றார் இயக்குநர். “நமக்கே கடவுச்சொல் தெரியாத ஒண்ணு எப்படி நம்மதா இருக்க முடியும்? அதுல எழுத்துப்பிழை வேற. பிழையோட பேர் வைக்கிற துறையா இது?”

சுற்றறிக்கையில் இருந்த இரண்டு பிழைகளை ஒற்று நினைத்துக்கொண்டார். மணி இரண்டரை.

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மக்கள் இணையம் துறையின் அங்கீகரிக்கப்பட்ட வைஃபை. பூட்டுப் போட்டு ஒளிந்திருக்கும் மகள் இணையம் சந்தேகத்துக்குரியது, சாவி கிடைத்ததும் அகற்றப்படும்.

“ஐயா, அந்த உதவிக்காரர் யாருன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க,” என்றார் ஒற்று.

“நம்ம ஆள்தான்,” என்றார் பாதுகாப்பு அலுவலர். “ஏழு மாசமா வர்றார். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.”

“எந்தப் பிரிவு?”

இன்னொரு பிரிவில் இருப்பார் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது.

மூன்று மணிக்கு எல்லா மேசைகளும் மூடப்பட்டன. காத்திருந்தவர்கள் அனைவரும் விழாவுக்குப் பார்வையாளர்கள் ஆக்கப்பட்டார்கள். பாதுகாப்பு அலுவலர் ஒற்றுவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

“நம்பிக்கை! அதுதான் நம்ம துறையோட கடவுச்சொல். அதனாலதான் நாங்க கடவுச்சொல்லே வைக்கல!”

கைதட்டினார்கள்.

“போன வருஷம் இதே வாரத்துல, வைஃபையில எச்சரிக்கையா இருக்கிறது எப்படின்னு பன்னிரண்டாயிரம் துண்டறிக்கை அச்சடிச்சோம். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிரதிகூடத் தப்பான ஆள் கைக்குப் போகல. ஏன்னா பாதுகாப்பு கருதி அதை நாங்க வெளியவே விடல. என் சொந்த அனுபவத்தையும் சொல்றேன். மக்கள் இணையத்துல சேர்ந்த அப்புறம், நான் எழுதாமலே என் பேர்ல நாற்பது கடிதம் போயிருக்கு! எல்லாத்துலயும் என் கையெழுத்து! இந்தத் துறையோட சரித்திரத்துல ஒரே நாள்ல நாற்பது கடிதம் போனதுண்டா?”

மறுபடி கைதட்டினார்கள். பிறகு மக்களுக்கு ஆற்றிய சேவைக்காக உதவிக்காரருக்குச் சான்றிதழ் வழங்குவதாக அறிவித்தார். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. உதவிக்காரர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணி இருபது நிமிடம். ஒற்றுவின் வாழ்க்கையில் அவர் பொது இடத்தில் குரல் உயர்த்தியது கிடையாது. இப்போது நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“அந்தப் பைக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க!”

இயக்குநர் உதவிக்காரரைப் பார்த்தார். “பையில என்னப்பா?”

உதவிக்காரர் ஒரு கணம்தான் யோசித்தார். “வைஃபை சார்.”

இயக்குநர் ஒலிபெருக்கியை இன்னும் அருகில் இழுத்தார். “கேட்டீங்களா? துறையோட வைஃபையைத் தன் சொந்தப் பையில, தன் சொந்தத் தோள்ல சுமக்கிற ஒரு ஊழியரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?”

எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே காவலாளி ஒற்றுவை அக்குளில் பிடித்து இறக்கி, பின்பக்க நடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விழாவில் பிஸ்கட் தருகிறார்கள் என்பதால் திரும்பிப் போனார்.

நடையில் துப்புரவு செய்யும் பெண் ஒருத்தி அலமாரி ஒன்றைத் திறந்து மாப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்குகளோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, இதோட சாவி உங்ககிட்ட எப்படி வந்தது?”

“இதுக்கு ஏது சாவி? வெறும் தாழ்ப்பாள்தான்,” என்றாள் அவள். “யாராவது இழுத்துப் பார்த்தாத்தானே தெரியும்?”

பெட்டியின் நெற்றியில் துறையின் முத்திரையோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெயர்: மகள் இணையம். அதன் கீழே கடவுச்சொல், பதினாறு எழுத்து. ஐந்து வருடங்களுக்கு முன் எவரோ ஒரு ‘க்’ போட மறந்ததை எவரும் படிக்கவில்லை.

“தினமும் துடைப்பேன்,” என்றாள் அவள். “மகள்னு போட்டிருக்கா, அதனால ஒரு பாசம்.”

ஒற்று பதினாறு எழுத்தையும் அடித்தார். தங்கையைக் கூப்பிட்டார். முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள். முகவரியின் முன்னால் பூட்டு இருந்தது. பக்கம் விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அம்மா பேரைக் கேட்கவில்லை. ஆனால் உள்ளே விடவும் இல்லை. ‘நீங்கள் வேறு நாட்டில் இருக்கிறீர்கள்’ என்றது.

“வி.பி.என்.னால அப்படிக் காட்டுது,” என்றாள் தங்கை. கொஞ்சம் யோசித்தாள். “பெட்டியைக் கண்ணால பார்த்துட்டியா? சீட்டு துறையோடதுதானா? முகவரி சரியா இருக்கு. சரி, வி.பி.என்.னை அணைச்சுட்டு அமுக்கு. முடிஞ்ச கையோட வெளியேறிட்டு மறுபடி போட்டுக்கோ.”

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஒற்று ‘ஏற்கிறேன்’ என்பதை அமுக்கினார். ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. அதைச் சத்தமாக வாசித்தார்.

“அண்ணா, வாசல்ல படி இருக்குமா?”

“வரைபடத்துல ஒரே ஒரு படி காட்டியிருக்கு.”

“அதை உடைச்சுடு.”

வெளியே வாசலில், விழாவுக்கும் இருந்துவிட்ட ஓட்டுநர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒற்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். “சார், நீங்க காலையில போட்டது திருட்டுப் பக்கம். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. என்கூட உள்ள வாங்க, கடவுச்சொல்லை மாத்திட்டு மறுபடி அமுக்கிடலாம்.”

ஓட்டுநர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “நாற்காலிமேல ஏறிக் கத்தினது நீங்கதானே?”

“ஆமா.”

“எங்க வரணும்?”

“பின்பக்கம், மாப்பு வைக்கிற அலமாரிக்கு.”

ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முன்வாசலில் சான்றிதழோடு நின்ற நீலச்சட்டைக்காரரையும் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று ஒற்றுவுக்குத் தோன்றியது.

அந்த மாதத்தில் வீடு ஒதுக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் இருநூற்றுப் பதினொரு பேர் பெட்டி படுக்கையோடு போனபோது, உள்ளே வேறு யாரோ குடியிருந்தார்கள். அப்படிக் குடியிருந்தவர்கள் எல்லோரும், உரியவரே மனமுவந்து மாற்றிக்கொடுத்ததற்கான கடிதம் வைத்திருந்தார்கள். கடிதத்தில் இயக்குநரின் கையெழுத்தும் இருந்தது. ஓட்டுநர் மூன்று நாள் தன் வீட்டுக்கு எதிரே பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. உதவிக்காரர் விழாவுக்கு மறுநாளிலிருந்து வரவில்லை. அனுமதியின்றி விடுப்பு எடுத்ததற்காகத் துறை அவருக்குக் குறிப்பாணை அனுப்பியது. முகவரி தெரியாததால் அதை அவர் நாற்காலியில் வைத்தார்கள்.

விசாரணையும் நடந்தது. இருநூற்றுப் பதினொரு ஏற்புகளும் அங்கீகரிக்கப்பட்ட வைஃபை மூலம் முறைப்படி வந்திருப்பதாகக் குழு கண்டறிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் சந்தேகத்துக்குரிய வைஃபையிலிருந்து வந்திருக்கிறது. அந்த ஒருவர் மட்டும் தன் வீட்டில் தானே குடியிருக்கிறார். இது எப்படி என்று நேரில் ஆராய இணைப்புப் பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட்டார்.

அவர் ஒரு முற்பகலில் வந்து கதவைத் தட்டினார். ஒற்று அச்சகத்தில் இருந்தார். தங்கைதான் கதவைத் திறந்தாள். வாசலில் படி இருந்த இடத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்று இன்னும் வெளுக்காமல் இருந்தது. அலுவலர் அறை அறையாகப் பார்த்து, நாற்காலியின் சக்கரங்களைக்கூட எண்ணிக் குறித்துக்கொண்டார்.

“அறிக்கையை இங்கேருந்தே அனுப்பணும்,” என்றார். “உங்க வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லுங்க.”

“மன்னிச்சுக்குங்க மேடம். தண்ணி தரேன், உட்கார நாற்காலி தரேன். அது மட்டும் தர மாட்டேன்.”

“அரசாங்க வேலை இது.”

“தெரியும். அதனாலதான்.”

அலுவலர் முகம் கறுத்து வெளியே போனார். தெருவில் நின்று கைபேசியை மேலே தூக்கி இப்படியும் அப்படியும் திரும்பினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“பாருங்க, இதோ கிடைச்சுடுச்சு! உங்களை மாதிரியா, எவ்வளவு தாராளமா திறந்து வச்சிருக்காங்க!”

“மேடம், அது யாரோடது?” என்று தங்கை வாசலிலிருந்து கத்தினாள்.

“யாரோடதா இருந்தா என்ன? பூட்டு இல்லையே!”

“அமுக்காதீங்க மேடம்! அது கேட்கிற எதையும் குடுக்காதீங்க!”

அலுவலர் ஏதோ ஒரு பக்கத்தில் மும்முரமாகத் தட்டிக்கொண்டே நடந்தார். தங்கை சக்கரங்களை உந்திச் சரிவில் இறங்கினாள். ஒரு வருடமாக ஜன்னலிலிருந்து மட்டும் பார்த்த உலகத்துக்குள் நேராகப் பாய்ந்து, இரண்டு கைகளாலும் சக்கரத்தைச் சுழற்றி, தெருமுனையில் அவரைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது. உள்ளங்கை எரிந்தது. அலுவலர் நிம்மதியாகக் கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சு,” என்றார்.

யாருக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.